ரிலீஸ் என்ற சொல்

ரூஜ், ஸ்காபரோ
செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி லெஸ்லிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. வீட்டில் மூவரும் உடம்புக்குச் சுகம். உன் சுகத்தை உன் பழைய கூட்டாளி மிதுனன் மூலம்தான் அறிகிறோம். உன் போன் இரண்டு நாளாக நிறுத்தியபடி கிடப்பதால் கொலம்பஸில் நீ தங்கியிருக்கும் நண்பன் வீட்டு முகவரியையும் அவனிடம்தான் வாங்கினேன். அவனைத் திட்டாதே. நான் விடாமல் கேட்டதால்தான் தந்தான்.

போன செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம். "அப்பா, அது நல்ல செய்தி இல்லை." இவ்வளவுதான். மூச்சு விடும் நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டால் உடனே குறுக்கிட்டுத் திருத்த வேண்டும். அது விதி. வேலையில் ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது அப்படிச் செய்கிறவள் நம் குசினியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதனால் வந்தது முழுவதையும் நீ இப்போது அனுபவிக்கிறாய்.

தமிழில் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் நீ மேலோட்டமாகப் பார்த்து, கடைசி வரிக்குப் பாய்ந்துவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமை வகுப்பில் உனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இந்தக் கடிதத்தை நீ மெதுவாக வாசிக்க வேண்டும். கோபத்தில் இருக்கும் ஆளை மெதுவாக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று நடந்தது இதுதான். நாலு மணி இருக்கும். அப்பா மிசிசாகாவில் வேலை முடித்து, 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா இறால் உடைத்துக்கொண்டிருந்தா. உன் மெசேஜ் வந்தது. நீ ஆங்கிலத்தில் அனுப்பியதில் இரண்டே வசனம். "ரிலீஸ் பண்ணிவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்." நான் அதை அப்படியே, உன் சொல்லையே வைத்துச் சொன்னேன்.

"அப்பா, லெஸ்லியை ரிலீஸ் பண்ணிட்டாங்களாம்."

அப்பா கிளாஸை வைத்தார். "காம்பில இருந்தோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அது பொய் இல்லை. உங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் அணி பயிற்சி முகாமை முடித்து, வேண்டாதவர்களைக் கழிக்கும் கடைசி நாள்தான் அது. அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். லெஸ்லி, அப்பா பல்லுத் தெரியச் சிரித்து நீ எப்போது பார்த்தாய்? எனக்கு ஞாபகமில்லை. "மாதாவே, என்ர பிள்ளையை விட்டிட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டு அம்மாவின் இறால் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. நீ யோசித்துப் பார். இந்த நாட்டுக்கு வருமுன் அப்பா கொஞ்சக் காலம் "உள்ளுக்கு இருந்தவர்" என்பது நம் இருவருக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாம் கேட்டதுமில்லை. அவருடைய ஆங்கிலத்தில் காம்ப் என்றால் ஒன்றுதான். ரிலீஸ் என்றாலும் ஒன்றுதான். மூன்று வருடமாக ஒவ்வொரு ஜூலையும் நீ போனில் "அப்பா, காம்புக்குப் போறன்" என்று சொல்லியிருக்கிறாய். அங்கே இரவில் கதவைத் தட்டி ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று பகிடியாகச் சொன்னாய். காலையில் எடை நிறுத்துப் பார்ப்பார்கள் என்றாய். சாப்பாட்டை அவர்கள்தான் தீர்மானிப்பார்களாம். மச்சாள் மெலிசாவின் அண்ணன் கலியாணத்துக்கு விட மாட்டார்கள் என்றாய். கடைசியில் ஒரு லிஸ்ட் வரும், அதற்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம் என்றும் சொன்னாய். ஒவ்வொரு ஜூலையும் அவர் ஏன் அப்படி ஊமையாகிப் போகிறார் என்று நீ என்னிடம் குறைப்பட்டிருக்கிறாய். அவருக்கு உன் விளையாட்டில் விருப்பமில்லை என்று நான் பதில் சொன்னேன். நான் சொன்னதும் பிழை.

அவர் உனக்கு வொயிஸ் மெசேஜ் விட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "தம்பி, அக்கா சொன்னவ. உன்னை ரிலீஸ் பண்ணிட்டாங்களாம். எனக்குச் சரியான சந்தோசமடா. இனி ஒருத்தனும் உன்னை வச்சிருக்கேலாது. வீட்டை வா ராசா." நீ அதை எப்படிக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடக் கல்லூரி ஆட்டத்துக்குப் பிறகு, அமெரிக்க அணிகள் புதியவர்களை எடுக்கும் தெரிவில் பெயர் வராத ஒருவன், இரண்டு வருடம் பயிற்சிக் குழுவில் நின்று, அந்த இரண்டு வருடத்தில் நான்கே ஆட்டம் களமிறங்கி, மூன்றாம் வருடம் வேண்டாமென்று அனுப்பப்பட்ட கையோடு, தன் அப்பாவின் குரலில் இப்படி ஒரு சந்தோசத்தைக் கேட்டால்? நானாக இருந்தாலும் போனை நிறுத்தியிருப்பேன்.

முதல் இரண்டு வருடமும் இதே நாளில் உன்னை விட்டுவிட்டு, மறுநாளே பயிற்சிக் குழுவுக்குத் திரும்ப எடுத்தார்கள் என்பதை மிதுனன் சொல்லித்தான் இப்போது அறிகிறேன். ஒரு முழு இரவு நீ தனியாக அந்த நிலையில் இருந்துவிட்டு, விடிந்ததும் எனக்குப் போன் எடுத்து மழையைப் பற்றிக் கதைத்திருக்கிறாய். இந்த வருடம் திரும்ப எடுக்க மாட்டோம் என்று அன்றே சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் வீட்டுக்கு அந்தச் சொல் முதல் தடவையாக வந்தது.

அன்றே ஏன் திருத்தவில்லை என்று உனக்குக் கேட்க உரிமை இருக்கிறது. அவர் சிரித்தார், அதனால் விட்டேன். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அவர் விசிலடித்துக்கொண்டு காரை எடுத்தார். பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை மெலிசா வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் உள்ளது நீ பார்த்தது. அதில் இல்லாததை நான் சொல்கிறேன். அப்பா என்னிடம் சொல்லாமல் பங்கு அலுவலகத்துக்குப் போன் எடுத்து நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பாதர் வாசித்தது உனக்குக் கேட்டிருக்கும்: "இக்னேசியஸ், கிளடிஸ் குடும்பத்தார், மகன் லெஸ்லி முகாமிலிருந்து விடுதலை பெற்றமைக்கு நன்றியாக." கோயில் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. பூசை முடிந்து வாசலுக்கு வருமுன்னமே அகஸ்ரின் அங்கிள் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோனார்.

"பிள்ளை, ஒளிக்காமல் சொல்லு. எத்தினை மாசம் உள்ளுக்கு இருந்தவன்?"

"அங்கிள், அவன் ஃபுட்போல் விளையாடப் போனவன்."

"அது சரி, விளையாடப் போன பிள்ளையை ஏன் பிடிச்சவங்கள்? அங்க இப்ப ஆரையும் பிடிக்கிறாங்களாம். என்ர மருமகனுக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் பஃபலோவில இருக்கிறார். நம்பரைத் தரட்டோ?"

ஒரு அன்ரி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதா. அம்மாவும் வேறு வழியில்லாமல் சேர்ந்து அழுதா. அப்பா மண்டபத்தில் மூன்று தட்டு மட்டன் றோல்ஸ் வைத்து, வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்துக்கொண்டு நின்றார். எங்கள் பங்கில் பாதிப் பேர் நீ அமெரிக்கச் சிறையிலிருந்து வெளியே வந்ததாக நம்புகிறார்கள், மீதிப் பேர் நாடுகடத்தப்படுவதிலிருந்து தப்பியதாக. இதை வாசித்து நீ ஒரு தடவையாவது சிரித்தாய் என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் அன்று பின்னேரம் நீ அனுப்பியதில் சிரிப்பு இல்லை. மொழிபெயர்ப்பாளராக, கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறேன். "அப்பாவுக்குச் சொல், அவர் வென்றுவிட்டார். பூசையும் வைத்துவிட்டார். ரெஜைனாவுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. மிதுனனோடு ஸ்ரௌவ்வில்லில் வீடு விற்கும் வேலைக்குப் போகிறேன்."

ரெஜைனா அணிக்காரர் உன்னை அழைத்ததையும், கனேடிய லீக் தெரிவில் உன்னை எடுத்த உரிமை அவர்களிடம் இன்னும் இருப்பதையும், இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை தவணை தந்திருப்பதையும் நீ புதன்கிழமையே எனக்குச் சொல்லியிருந்தாய். அப்பாவின் மெசேஜை நீ அப்போது இன்னும் கேட்டிருக்கவில்லை. உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். களைத்திருந்தாய், ஆனால் அவர்களின் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள், எந்த இடம் காலி என்றெல்லாம் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாய். விட்டுவிட நினைப்பவன் அப்படிப் பார்க்க மாட்டான். நாலு நாளில் உன்னை மாற்றியது ஒரு வொயிஸ் மெசேஜும் மூன்று தட்டு றோல்ஸும். நான் சொல்லாத அந்த ஒரு வசனம் அவற்றுக்கு முன்னால் நிற்கிறது.

அதனால் நேற்றுச் சொன்னேன்.

நேற்று லீவு நாள். அப்பா உன் அறையில் கட்டில் பூட்டிக்கொண்டிருந்தார். நீ வருகிறாய் என்று புதுக்கட்டில் வாங்கிவிட்டார். உன் கால் வெளியே நீட்டாத நீளம். ஒரு பக்கச் சட்டத்தை நான் பிடிக்க, அவர் முழங்காலில் நின்று ஆணி முறுக்கினார். நான் சட்டத்தைப் பிடித்தபடியே சொன்னேன். இந்த விளையாட்டில் ரிலீஸ் என்றால் விடுதலை இல்லை, வேலையிலிருந்து நிறுத்துவது என்று சொன்னேன். காம்ப் என்பது அவன் விரும்பிப் போன இடம், அதற்குள்ளேயே இருக்கத்தான் மூன்று வருடம் பாடுபட்டான் என்றும் சொன்னேன்.

அவர் முறுக்குவதை நிறுத்தவில்லை. அந்த ஆணியை முழுக்க இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாங்களோ?"

"ஓம் அப்பா."

"எங்கட பிள்ளையையோ?"

"ஓம்."

மெத்தை போடாத வெறும் சட்டத்தில் உட்கார்ந்தார். "நான் அவனுக்குப் போனில என்ன சொன்னனான்?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது. என் வாயால் கேட்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தடுப்பு முகாமில் பதினாலு மாதம். எண்பது பேர் இருந்த ஒரு மண்டபம். காலையில் ஒருவர் கம்பிக்கு வெளியே நின்று கடதாசி பார்த்துப் பெயர் வாசிப்பாராம். வாசித்தால் ரிலீஸ், வாசிக்காவிட்டால் இன்னொரு நாள். அப்பாவின் பெயரை அந்த ஆள் வாயில் நுழையாமல் ஏதோவாக வாசிக்க, இவருக்குத் தன் பெயர் என்றே தெரியவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த நவரட்ணம் என்பவர்தான் காலால் உதைத்து, "எழும்பு ஐசே, உம்மடை பேர்தான்" என்றாராம். நவரட்ணத்தின் பெயரை அப்பா அங்கே இருந்தவரைக்கும் வாசிக்கவில்லை. "அந்தச் சொல்லை எங்களுக்கெண்டு நான் என்ர வாழ்க்கையில ஒரு நாள்தான் கேட்டனான் பிள்ளை. அதுக்குப் பிறகு போன செவ்வாய்க்கிழமைதான்" என்றார்.

நான் அழவில்லை. அழுதால் அவர் நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

நான் இன்னொன்றையும் நேற்றே சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக நீயும் நானும் மட்டும் அறிந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூட அணியில் சேர அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாரே, அந்தப் படிவம். "அப்பா, அந்தக் கையெழுத்து நான் போட்டது" என்றேன். இதற்கு என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றேன்.

"தெரியும்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "அந்த மாஸ்ரர் எனக்குப் போன் எடுத்தவர். கையெழுத்து வித்தியாசமாக் கிடக்கு, இது உங்கட கையெழுத்தோ எண்டு கேட்டவர். ஓம், என்ரதான் எண்டு சொன்னனான்."

ஏன் சொன்னார் என்று கேட்டேன். "நீ கள்ளக் கையெழுத்துப் போடுற பிள்ளை இல்லை. நீயே போட்டிருக்கிறாய் எண்டா அவனுக்கு அது எவ்வளவு தேவையா இருந்திருக்கும்" என்றார். பிறகு, "அடிபட்டு வந்து படுக்கேக்க பாக்க எனக்குத்தான் ஏலாது. அது என்ர பிரச்சினை. அவன்ர இல்லை" என்றார்.

லெஸ்லி, இந்த இடத்தில் நின்று இன்னொரு தடவை வாசி. உனக்கு எதிராக அவர் விளையாடியதே இல்லை. பிறகு அவர் வென்றது எப்படி?

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. "காட்டு" என்றார். என்ன காட்டுவது என்றேன். "அவன் என்ன வேலை செய்யிறான் எண்டு காட்டு. ஏன் வேண்டாமெண்டவங்கள் எண்டு நான் பாக்கோணும்."

லாப்டொப்பைக் கொண்டுவந்து, ஓகஸ்ட் நடுவில் நடந்த ஆட்டத்தைப் போட்டேன். முதலில் பந்து எங்கே என்று கேட்டார். பந்தைப் பார்க்காதீர்கள், தொண்ணூற்றாறாம் இலக்கச் சட்டையைப் பாருங்கள் என்றேன். "பந்து இல்லாதவனையோ பாக்கிறது?" என்றார். உன் வேலையை விளங்கிக்கொள்ள நூலகத்திலிருந்து நான் ஏழு புத்தகம் எடுத்து வாசித்தவள். ஏழிலும் பந்தை எறிகிறவனைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நடுவில் குனிந்து நிற்பவனுக்கு மொத்தமாக ஒரு அத்தியாயம்கூட இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் இவனை அகற்ற வருவார்கள். இவன் அகலாமல் அந்த இருவரையும் தன்னிலேயே பிடித்து வைத்திருந்தால், பின்னால் வருகிற நம் ஆளுக்கு வழி திறக்கும். பந்தைப் பிடித்தவனை அவன் விழுத்துவான். கைதட்டல் அவனுக்குக் கிடைக்கும்.

"ரெண்டு பேரையோ?" என்றார்.

திருப்பிப் போடச் சொன்னார். நீ அன்று களத்தில் நின்றது பதினெட்டுத் தடவை. பதினெட்டையும் பார்த்தார். சிலதை மூன்று தரம். ஏழாவதில் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் வந்தார்.

"பார், பாரத்தை இடுப்பால எடுக்கிறான். முதுகால எடுக்கேல்லை. இருபத்திரண்டு வருசமா எயார்போட்டில பெட்டி தூக்கிற புதுப் பெடியளுக்கு நான் தொண்டை வத்தச் சொல்லுறன், ஒருத்தனும் கேக்கிறேல்லை. இவன் வடிவாச் செய்யிறான். உவங்களுக்குக் கண் தெரியாதோ?"

அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "பன்னிரண்டு வருசம் வந்து பாருங்கோ வந்து பாருங்கோ எண்டு கூப்பிட்டன். அசையேல்லை. இப்ப இந்த மனுசன் கோச்சுக்குப் புத்தி சொல்லுறார்" என்றா.

"நீர் பேசாமல் இரும் கிளடிஸ். இதை ஒருக்கால் நிப்பாட்டு பிள்ளை."

நிறுத்தினேன். திரையில் விரலை வைத்து, உன் இடது காலைக் காட்டினார். கடைசி நாலு தடவையும் நீ அதை முழுக்க ஊன்றவில்லை என்றார். நான் அந்த ஆட்டத்தை ஐந்து தடவை பார்த்தவள், எனக்குத் தெரியவில்லை. கணுக்காலில் ஏதும் என்றால், ரெஜைனாக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடு. ஒளித்துக்கொண்டு போய் நிற்காதே. இது அக்காவின் கட்டளை. உனக்கு இருபத்தாறு வயது, முந்நூற்றுப் பத்து இறாத்தல் என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்றுக் குசினியில் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னா, தனக்குச் செவ்வாய்க்கிழமையே விளங்கியது என்று. முதியோர் இல்லத்துக் குசினியில் அவவோடு வேலை செய்தவர்களை இப்படி நிறுத்தியபோது மனேஜர் இதே சொல்லைத்தான் சொன்னாராம். பிறகு ஏனம்மா சொல்லவில்லை என்றேன். "நீ ஏன் சொல்லேல்லை?" என்றா. இரண்டு பெண்கள் ஒரே சிரிப்பைப் பார்த்து ஒரே பிழையைச் செய்திருக்கிறோம். அதற்கு நீ விலை கொடுக்கக் கூடாது.

இனி நான் கேட்பதைக் கேள். ரெஜைனாவுக்கு ஓம் என்று சொல் என்று நான் கேட்கவில்லை. மிதுனன் நல்லவன். ஒருகாலத்தில் நீங்கள் இருவரும் வரிசையில் நின்று "உள்ளுக்கு!", "வெளியால!" என்று தமிழில் கத்தி இடம் மாறுவீர்கள், எதிர் அணிக்கு ஒன்றும் விளங்காது. அவனோடு வீடு விற்றாலும் நீ நன்றாகத்தான் விற்பாய். ஆனால் அவனே நேற்று என்னிடம் சொன்னான்: "அக்கா, எனக்கு அவன் வேணும்தான். ஆனா கோவத்தில வாற பார்ட்னர் எனக்கு வேண்டாம்." விளையாட்டு போதும் என்று உன் உடம்பு சொன்னால் நிறுத்து. உன் மனம் சொன்னால் நிறுத்து. ரெஜைனாவில் மைனஸ் நாற்பது பாகைக் குளிரில் நிற்க ஏலாது என்றால் அதுகூட ஒரு காரணம். அப்பா வென்றுவிட்டார் என்பது மட்டும் காரணமில்லை, ஏனென்றால் அது நடக்கவேயில்லை. என் பிழையால் உண்டான ஒன்றை வைத்து நீ உன் பன்னிரண்டு வருடத்தை முடிக்க நான் விட மாட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவர்களை அழை. ஓமோ இல்லையோ, அது உன் வாயால் வரட்டும். தவணை கடந்து தானாக முடிந்துபோக விடாதே.

அப்பா நேற்றிலிருந்து உனக்கு ஆறு தடவை அழைத்துவிட்டார். மெசேஜ் விடச் சொன்னேன், மறுத்துவிட்டார். "என்ர வாய் பிழையாச் சொல்லிப்போடும். நீ எழுது. நான் சொல்லுறதை அப்பிடியே எழுது" என்றார். அவர் சொன்னது கீழே. ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை.

"தம்பி, பிழை விட்டது நான். எனக்கு இங்கிலிசு விளங்கேல்லை, உன்னையும் விளங்கேல்லை. நீ வீட்டை வாறதெண்டா வா, கட்டில் பூட்டிக் கிடக்கு. ரெஜைனாக்குப் போறதெண்டா போ, கட்டில் அப்பிடியே கிடக்கும். ஆனா அப்பாவாலதான் நிப்பாட்டினனான் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை. அதை என்னாலை தாங்கேலாது."

அவர் சொல்லிவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எழுதிவிட்டேனா என்று சரிபார்த்தார். பிறகு இன்னொன்றையும் போடச் சொன்னார்: ரெண்டு பேரையும் விடாமல் பிடி.

உன் உடம்புக்கும் மனதுக்கும் காவலாக மாதா நிற்கட்டும். நீ எடுக்கும் முடிவு எதுவானாலும் அதற்குப் பின்னால் நாங்கள் மூவரும் நிற்கிறோம், இந்தத் தடவை என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே.

என்றும் உன் அன்புள்ள அக்கா,
கரோலின்

*

என்னிடம் உள்ள பிரதியின் அடியில், டிசம்பரில் நான் எழுதியது:

கூரியர் எல்லையில் தங்கி, கடிதம் எட்டாம் திகதி திங்கட்கிழமைதான் கொலம்பஸ் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே, நாலாம் திகதி வியாழக்கிழமை காலை, லெஸ்லி தானாகவே ரெஜைனாவுக்கு அழைத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தான். நண்பன் கடிதத்தை அங்கே அனுப்பிவைத்தான். செப்டம்பர் பத்தொன்பதாம் திகதி அது அவன் கைக்குக் கிடைத்தது. அன்று பின்னேரம் அப்பாவை அழைத்தான். அப்பா வேலையில் நின்றதால் எடுக்கவில்லை. மறுநாள் மறுபடியும் அழைத்தான், அப்பா எடுத்தார். ஒக்டோபரில் அவன் மூன்று ஆட்டங்கள் ஆடினான்.